அறிவுக்கு வேலி எதற்கு?

தேனி ஜில்லாவில் பெரியகுளத்தை அடுத்துள்ள வடுகபட்டியைத் தமிழ்நாட்டுப் பூண்டு வியாபாரிகளுக்கு நாம் அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. கொடைக்கானல் மலைமீதுள்ள பூம்பாறை, மன்னவனூர் முதலிய கிராமங்களில் விளையும் மலைப்பூண்டு இறங்கி வந்து விலையாவது இவ்வூர்ச் சந்தையிலேதான். பூண்டுக்கு மட்டுமன்றிப் பாட்டுக்கும் பெயர் பெற்ற ஊர் இது. வைகை அணை எழுந்தபோது நீரில் மூழ்கிய கிராமங்களினின்றும் வெளியேறிய குடும்பங்களுள் ஒன்று இங்கே வந்து குடியேறிற்று. அக்குடும்பத்துப் பிள்ளையே கவிஞர் வைரமுத்து. பூண்டும் பாட்டும் ஒரே ஊரின் புகழாயிருப்பது, இன்று நாம் எழுதப் புகுந்த விஷயத்துக்கு மிகவும் பொருத்தமாக அமைந்திருக்கிறது.

சந்தையில் ஒரு மூட்டைப் பூண்டை ஒருவர் வாங்கிச் சென்றால், அம்மூட்டை மற்றவருக்கு இல்லை. ஆகவே அதற்கு உடையவர் உண்டு, விலை உண்டு, பேரம் உண்டு. அது நியாயமே. வராக நதியின் நீரோ பலருக்கும் பொது. எனினும் ஒருவர் வயலில் பாய்ந்த நீர் அடுத்தவர் வயலுக்குக் குறையும். எனவேதான் நம் முன்னோர் முறை வைத்துப் பாய்ச்சினார்கள். மடையைக் காக்க ஆள் வைத்தார்கள். பாட்டின் சங்கதியோ இவ்விரண்டினும் வேறு. ஒருவர் பாடிய பாட்டை ஆயிரம் பேர் பாடினாலும் அதில் ஓரெழுத்துக் குறைவதில்லை. ஓர் ஆசிரியர் சொல்லிக் கொடுத்த கணக்கு நாற்பது மாணவர் மனத்தில் புகுந்த பின்னும் ஆசிரியரிடம் முழுதாகவே இருக்கிறது. அப்படியிருக்கப் பூண்டு மூட்டைக்கு உரிய சட்டத்தைப் பாட்டுக்கும் கணக்குக்கும் விதிப்பது எங்ஙனம் பொருந்தும்? இதுவே நம் காலத்தின் பெரிய கேள்விகளுள் ஒன்று என்று நாம் கருதுகிறோம்.

யாவரும் படிக்கவும், பிரதி எடுக்கவும், திருத்தி வளர்க்கவும், பிறர்க்கு வழங்கவும் தடையின்றி இணையத்தில் வைக்கப்பட்டுள்ள நூல்கள், படங்கள், புள்ளிவிவரங்கள், கம்ப்யூட்டர் நிரல்கள் ஆகியவற்றின் தொகுதியை இணையப் பொதுச்சொத்து என்று சொல்லலாம். ஊருக்கு ஊருணி எப்படியோ அப்படியே உலகத்துக்கு இது. இதைப் பெருக்குவதா, வேலி போட்டுச் சுருக்குவதா என்பதில் தமிழர்களுக்குத் தனிப்பட்ட அக்கறை உண்டு. ஏனெனில், ஒரு கவியின் பாட்டைப் பொதுவாக்குவதற்கு நம் நாட்டில் முதன்முதலாகப் போராடி வென்றவர்கள் தமிழர்களே.

அச்சரித்திரத்தை நம் இளைஞர்கள் மறந்துவிடலாகாது. 1921ஆம் ஆண்டில் பாரதியார் மறைந்தார். 1928ஆம் ஆண்டில் பர்மா சர்க்கார் அவருடைய பாடல் நூல்களைப் பறிமுதல் செய்யும்படி உத்தரவிட, சென்னை சர்க்காரும் அதைப் பின்பற்றியது. சட்டசபையில் சத்தியமூர்த்தி அதைக் கண்டித்து முழங்கினார். அந்நிய ஆட்சி பாட்டுக்குப் போட்ட பூட்டு அது. அந்தப் பூட்டு உடைந்த பின்னரும் வேறொரு பூட்டு எஞ்சியிருந்தது. நூல்களின் பதிப்புரிமை ஓரிடத்தில். இசைத்தட்டு, சினிமா முதலியவற்றுக்கான உரிமை வேறோரிடத்தில். பின்னது ஒரு வர்த்தகரிடமிருந்து படத்தயாரிப்பாளர் ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்தது. 1948ஆம் ஆண்டில் டி. கே. எஸ். சகோதரர்கள் தங்கள் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதியின் பாட்டொன்றைச் சேர்த்தபோது வழக்கு மூண்டது. தேசம் முழுதும் பாடித் திரிந்த பாட்டைப் பாட ஒருவரிடம் அனுமதி பெற வேண்டுமா என்று ஜனங்கள் திகைத்தார்கள். பாரதியை நாட்டுக்குப் பொதுவாக்குக என்ற குரல் மூலைக்கு மூலை எழுந்தது. 1949ஆம் ஆண்டில் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் மந்திரிசபை அவ்வுரிமைகளைச் சர்க்காருக்கே எடுத்துக்கொள்வதாக அறிவித்தது. மெய்யப்பச் செட்டியார் தம் உரிமையைப் பிரதிபலன் கருதாமல் விட்டுக்கொடுத்தார். பாட்டு ஜனங்களுக்குச் சொந்தமாயிற்று.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சியையும் பாருங்கள். நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் காலமான பின் 50 ஆண்டுகள் அவர் நூல்கள் பிறரால் அச்சிடப்படலாகா. 1941ஆம் ஆண்டில் மறைந்த ரவீந்திரநாத தாகூரின் நூல்கள் இக்கணக்கின்படி 1991ஆம் ஆண்டின் முடிவில் விடுதலை பெற வேண்டியவை. அந்தத் தருவாயில் சட்டத்தைத் திருத்தி, 50 என்பதை 60 ஆக்கினார்கள். ஒரு மகாகவியை இன்னும் பத்தாண்டு வேலிக்குள் வைப்பதற்காக எழுந்த திருத்தம், நாட்டிலுள்ள எல்லா ஆசிரியர்களின் எல்லா நூல்களையும் பத்தாண்டு பூட்டி வைத்துவிட்டது. காந்தியடிகளோ 1910ஆம் ஆண்டில் ‘ஹிந்த் ஸ்வராஜ்’ நூலின் ஆங்கிலப் பதிப்பை வெளியிட்டபோது, எந்த உரிமையும் ஒதுக்கி வைக்கப்படவில்லை என்று அதிலேயே அச்சிட்டுவிட்டார். சுயராஜ்யத்தைப் பற்றிய நூல் சுயராஜ்யத்தோடு உலவட்டும் என்பது அவர் எண்ணம் போலும்!

சட்டத்தின் இந்த நீண்ட கரத்தால் ஆசிரியர் குடும்பத்துக்கேனும் லாபமுண்டா? சந்தையில் விற்றுக்கொண்டிருக்கும் சில நூல்களுக்கு உண்டு. மற்றவற்றின் கதி என்ன? 1970ஆம் ஆண்டில் காலஞ்சென்ற ஓர் ஆசிரியரின் நூல் 2030 முடியும்வரை சட்டத்தின் காவலில் இருக்கிறது. பதிப்பகம் மூடப்பட்டிருக்கும், வாரிசுகள் எங்கிருக்கிறார்கள் என்று தெரியாது, கடையில் பிரதி இராது. விற்பாரும் இல்லை, கொடுப்பாரும் இல்லை. இப்படிப்பட்ட நூல்கள் தமிழில் கணக்கற்றவை. செல்லுக்கும் புழுவுக்கும் மட்டும் அவற்றைப் படிக்கும் உரிமையை நம் சட்டம் அளித்திருக்கிறது என்று சொன்னால் அது மிகையாகுமா?

பூட்டி வைத்த அறிவு என்னவாகும் என்பதைத் தமிழரைப் போல் அநுபவித்து அறிந்தவர் யார்? டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூருக்குப் போனபோது, கோயிலிலிருந்த பழைய ஏடுகள் ஆகுதியாக நெருப்பில் இடப்பட்டுவிட்ட செய்தியையே கேட்டார். ஐயரவர்களின் உழைப்பால் 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியும், 1892ஆம் ஆண்டில் சிலப்பதிகாரமும், 1894ஆம் ஆண்டில் புறநானூறும் அச்சேறி ஆயிரம் கைகளில் பரவின. ஆகவே அவை பிழைத்தன. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் அவற்றோடு போயின. அந்தச் சாம்பலின் நினைவு மாறாத ஈழத்துத் தமிழர்கள் 2005ஆம் ஆண்டில் ‘நூலகம்’ என்ற இணைய நூலகத்தைத் தொடங்கி, நூல்களையும் பத்திரிகைகளையும் படமெடுத்து உலகுக்குப் பொதுவாக வைத்து வருகிறார்கள். ஒரு கட்டடத்தில் உள்ள நூலகத்தை எரித்துவிடலாம். பல்லாயிரம் பிரதிகளாய் எங்கும் பரவிய நூலை எவரால் எரிக்க முடியும்? தாராளமாகப் பகிர்வதே பாதுகாப்பு என்பதை அவர்கள் உணர்ந்துவிட்டார்கள்.

கூலி கருதாது இப்பணியில் இறங்கியவர்கள் அவர்கள் மட்டுமல்லர். 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று, ஸ்விட்சர்லாந்தில் வசித்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். கடல் கடந்த தமிழர்களும் உள்நாட்டுத் தமிழர்களும் தம் ஓய்வு நேரத்தில் நம் இலக்கியங்களை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாக வைத்தார்கள். 2003ஆம் ஆண்டில் தமிழ் விக்கிப்பீடியா தோன்றிற்று; இன்று அதில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. 2001ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு சர்க்கார் நிறுவிய ஸ்தாபனம் இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில் பெரியதொரு மின்னூலகத்தை நடத்துகிறது. நாட்டுடைமையான நூல்களில் ஈராயிரத்துக்கு மேற்பட்டவை விக்கிமூலம் என்னும் பொது நூலகத்துக்கும் வந்து சேர்ந்திருக்கின்றன. சர்க்காரும் தொண்டர்களும் கைகோத்தால் எத்தகைய காரியம் ஆகும் என்பதற்கு இது சாட்சி. இதைப் பாராட்டுவதில் நாம் எவருக்கும் பின்வாங்கோம்.

ஆனால் பாராட்டிவிட்டு உறங்கிவிடுவதற்கு இது சமயமன்று. பாரதிக்குப் பின் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் நூல்களை ராஜ்ய சர்க்கார் நாட்டுடைமையாக்கியிருக்கிறது. வாரிசுகளுக்குப் பொதுப் பணத்திலிருந்து பரிவுத்தொகையும் வழங்கியிருக்கிறது. இவ்வாறு ஜனங்கள் பணம் கொடுத்து வாங்கிய நூல்களில் பெரும்பாலானவை இணையத்தில் கிடைப்பது பக்கங்களின் புகைப்படமாகவே. படத்திலுள்ள எழுத்தில் ஒரு சொல்லைத் தேடி எடுக்க முடியாது; கண் தெரியாதவர்களுக்குக் கம்ப்யூட்டர் வாசித்துக் காட்டவும் இயலாது; சிறு கைபேசியில் பெரிதாக்கிப் படிப்பதும் தொல்லை. படத்தை எழுத்தாக்கும் யந்திரம் இன்று உண்டு. அது செய்யும் பிழைகளைத் திருத்த மனிதக் கண் வேண்டும். கண்மாயில் நீர் நின்றால் மட்டும் போதுமா? ஆண்டுதோறும் தூர் வாரிக் கரை கட்ட வேண்டாமா? நம் கிராமத்தார் அதற்கென்றே குடிமராமத்து என்னும் முறையை வைத்திருந்தார்கள். வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு வந்தார்கள். அறிவுக் கண்மாய்க்கும் அத்தகைய குடிமராமத்து இன்று அவசியமாகிறது.

பழைய இலக்கியத்தோடு இவ்விஷயம் முடிந்துவிடவில்லை. வடுகபட்டிக்கு வெகு அருகில், பெரியகுளத்தில், தோட்டக்கலைக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. ஜனங்களின் வரிப்பணத்தில் நடப்பவை அவை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பயிர்ச் செய்திகளைத் தமிழிலும் இணையத்தில் இலவசமாகத் தந்து வருவது போற்றத்தக்கது. எனினும் நம் நாட்டு விஞ்ஞானிகள் தம் ஆராய்ச்சி முடிவுகளைப் பெரும்பாலும் வெளியிடுவது அயல்நாட்டுக் கம்பெனிகளின் சஞ்சிகைகளிலே. சம்பளம் நம்முடையது; ஆய்வுக்கூடம் நம்முடையது; எழுதியவர் நம்மவர். முடிவைப் படிக்க மட்டும் அயலாருக்குப் பணம் கட்ட வேண்டும்! நம் பருத்தியை மலிவாக வாங்கிக்கொண்டு போய் லங்காஷயர் ஆலையில் நெய்து நமக்கே விற்ற பழைய வியாபாரத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இக்குறையை நீக்க மத்திய சர்க்கார் 2024ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒரு திட்டத்துக்கு இசைவு தந்தது. ‘ஒரே நாடு, ஒரே சந்தா’ என்பது அதன் பெயர். மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் கொடுத்து, 30 பெரிய பிரசுர நிறுவனங்களின் சுமார் 13,000 சஞ்சிகைகளை 6,300 உயர்கல்வி, ஆராய்ச்சி ஸ்தாபனங்களுக்குத் திறந்துவிடுவது திட்டம். ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் மாணவர்களும் ஆராய்ச்சியாளரும் பயன் பெறுவர் என்று கூறப்பட்டது. சிறிய கல்லூரி மாணவருக்கும் பெரிய நகரத்து மாணவருக்கும் ஒரே வாயில் திறப்பது நல்லதே. ஆயினும் நாம் கேட்கிறோம்: கல்லூரியில் பெயர் பதியாத குடியானவன் எங்கே போவான்? ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், தனியே வைத்தியம் பார்க்கும் வைத்தியர், படிப்பை முடித்து ஊர் திரும்பிய பட்டதாரி, நம்மைப் போன்ற பத்திரிகைக்காரர்கள், இவர்கள் எல்லோரும் வரி கொடுக்கவில்லையா? சந்தா என்பது வாடகை. ஆண்டு முடிந்ததும் வீடு நம்முடையதாகாது. சர்க்கார் பணத்தில் நடந்த ஆராய்ச்சியின் கட்டுரைகள் யாவும் வெளியான உடனேயே இணையத்தில் பொதுவில் வைக்கப்பட வேண்டும் என்று சட்டம் செய்வதே சொந்த வீடு கட்டும் வழி.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். எழுதுபவனுக்கும் வயிறு உண்டே, எல்லாவற்றையும் இலவசமாக்கினால் எழுத்தாளன் எப்படிப் பிழைப்பான் என்று கேட்பர். கேள்வி நியாயமானது. பாரதியார் பட்ட வறுமையை அறிந்த நாம் இதை அலட்சியம் செய்ய மாட்டோம். உயிரோடிருந்து உழைக்கும் ஆசிரியரின் நூலைத் திருட்டுத்தனமாகப் பிரதி எடுத்து விற்பதை நாம் ஒருநாளும் ஆதரியோம். நாம் கேட்பவை மூன்றே. ஜனங்கள் ஏற்கெனவே விலை கொடுத்தவை ஜனங்களுக்கு வர வேண்டும். உடையவர் அறியப்படாது அழியும் நூல்களுக்குச் சட்டத்தில் ஒரு வழி காண வேண்டும். தாமே மனமுவந்து கொடுப்பவர்களுக்குக் கொடுக்கும் வழி எளிதாக வேண்டும். இம்மூன்றினால் எந்த எழுத்தாளனுடைய சோற்றிலும் மண் விழாது.

மற்றொரு பக்கத்திலும் எச்சரிக்கை தேவை. இலவசம் வேறு, சுதந்திரம் வேறு. 2015ஆம் ஆண்டில் பேஸ்புக் கம்பெனி ஏழைகளுக்கு இணையத்தை இலவசமாகத் தருவதாகச் சொல்லிக்கொண்டு வந்தது. தான் அனுமதித்த சில வாயில்களை மட்டும் திறந்துவிட்டு, மற்றவற்றுக்குக் காசு கேட்கும் ஏற்பாடு அது. தேசத்தின் இளைஞர்கள் லட்சக்கணக்கில் எழுதி எதிர்த்தார்கள். 2016ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் தேதி, டிராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் இத்தகைய பேதக் கட்டணத்தைத் தடை செய்தது. தர்மத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் வைப்பவர் ஊருணிக்கு வேலி போட மாட்டார் என்ற உண்மையை நம் ஜனங்கள் அன்று நன்கு கண்டுகொண்டார்கள். பொதுவில் வைத்ததை எடுத்துத் தன் சரக்காக்கி மறுபடியும் பூட்டிக்கொள்ளும் பெருங் கம்பெனிகள் இன்றும் உள்ளன. இதை முன்கூட்டியே எண்ணித்தான், எடுத்தவர் தாம் வளர்த்ததையும் அப்படியே பொதுவில் வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு விக்கிப்பீடியா போன்றவை நடைபெறுகின்றன. பொதுச்சொத்துக்கும் காவல் வேண்டும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

இனி வழி என்ன? புதிய வரி ஒன்றும் வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டில் சென்னை ராஜதானி இயற்றிய பொது நூலகச் சட்டம், சுதந்திர இந்தியாவில் இத்தகைய சட்டங்களுக்கெல்லாம் முன்னோடி. எஸ். ஆர். ரங்கநாதனின் இடைவிடாத முயற்சியின் பலன் அது. அதன்படி நாம் கட்டும் சொத்துவரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாகச் சேர்கிறது. வடுகபட்டியில் வீடுடைய ஒவ்வொருவரும் தெரிந்தோ தெரியாமலோ அறிவுக்காகப் பணம் கட்டுகிறார்கள். அந்தப் பணத்துக்குக் கணக்குக் கேட்பது அவர்கள் உரிமை. ஊர் நூலகம் ஒவ்வொன்றிலும் இணைய வசதியுள்ள இரண்டு கம்ப்யூட்டர்களாவது இருக்கட்டும். நாட்டுடைமை நூல்கள் அனைத்தும் திருத்திய எழுத்து வடிவில் அங்கே கிடைக்கட்டும். சர்க்கார் வெளியிடும் அறிக்கை, நிலப்படம், மழைக் கணக்கு, சந்தை விலை எல்லாம் எவரும் எடுத்தாளலாம் என்ற தெளிவான உரிமத்தோடு தமிழில் வைக்கப்படட்டும். 1997ஆம் ஆண்டிலேயே தகவல் பெறும் உரிமைக்குச் சட்டம் செய்து இந்தியாவுக்கு வழிகாட்டிய ராஜ்யம் இது. 2005ஆம் ஆண்டு மத்தியச் சட்டமோ, ஜனங்கள் கேளாமலே அதிகாரிகள் தாமாக வெளியிட வேண்டிய விவரங்களைப் பட்டியலிட்டே கூறியிருக்கிறது. எனவே நாம் கோருவது சலுகையன்று.

சர்க்காரை மட்டும் நோக்கிக் கைநீட்டி நின்றால் போதாது. மலையிலிருந்து பூண்டு மூட்டையோடு இறங்கும் விவசாயி, சந்தையில் கால் வைக்குமுன்பே மற்றச் சந்தைகளின் விலையைத் தன் கைபேசியில் அறிய முடியுமானால் அவன் பேரம் பேசும் குரலே மாறும். அவ்விவரத்தை நாள்தோறும் எழுதி வைக்க ஊரில் இரண்டு இளைஞர்கள் போதும். தங்கள் ஊர்க் கல்வெட்டு, கண்மாய், கோயில், திருவிழா, பழமொழி, பயிர் வகை, பாட்டிமார் சொல்லும் கை வைத்தியம் ஆகியவற்றைப் படமெடுத்தும் எழுதியும் பொதுவில் சேர்க்க ஒரு வாசகர் வட்டம் போதும். நாளைக்கு ஒரு பக்கம் மெய்ப்புத் திருத்துவதென்று நூறு பேர் விரதம் பூண்டால், ஓராண்டில் 36,500 பக்கங்கள் தூர் வாரப்படும். அரசியல் மேடையில் தமிழ் வாழ்க என்று முழங்கும் அன்பர்கள் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கும்படி வேண்டுகிறோம். தமிழ் வாழ்வதற்கு முழக்கத்தைக் காட்டிலும் இந்த ஒரு பக்கம் பெரிய தொண்டு.

1931ஆம் ஆண்டில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் ஒரு மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டு போனார்கள். அந்த வண்டிக்குப் பாதை சேறாயிருந்தது, மாடு களைத்தது, ஆயினும் புத்தகம் ஊர் போய்ச் சேர்ந்தது. இன்று பாதை ஒளிக்கம்பியாய்க் கிடக்கிறது. கண நேரத்தில் ஒரு நூலகமே வடுகபட்டிக்கு வந்துவிடும். வழியில் நாமாகப் போட்டுக்கொண்ட வேலிதான் மறிக்கிறது. 1949ஆம் ஆண்டில் ஒரு கவியின் பாட்டுக்காக அவ்வேலியைப் பிடுங்கிய ஜனங்கள், எல்லா அறிவுக்காகவும் அதைப் பிடுங்கத் தயங்குவார்களா? தயங்க மாட்டார்கள் என்பதே நமது நம்பிக்கை. அந்தக் காரியம் சட்டசபையில்தான் முடிவு பெறும். ஆனால் ஊர் நூலகத்து வாயிலிலேயே அதைத் தொடங்கலாம்.